தலைக்கனம்

செவ்வாய்க்கிழமை டூகல் என்னை
முகவாயை உயர்த்திக்கொண்டு மேலிருந்து பார்த்தான்.
"இவனுக்கெல்லாம் தலைக்கனம்" என்றார்
கேலோகேட் முனைக் கடைக்காரர்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
பதினொரு பவுண்டு தரவேண்டியவன்
என்னை அப்படிப் பார்க்கலாமா?

இமைகள் இறங்கியிருந்தன,
பாதி இழுத்துவிட்ட கடை ஷட்டர் மாதிரி.
அதற்கடியில் மிஞ்சிய ஒரு கீற்று வழியாக
கிளாஸ்கோ முழுவதையும் பார்க்கவேண்டுமென்றால்
யாராக இருந்தாலும் தலையைப் பின்னால் சாய்க்கத்தான் வேண்டும்.
இது எனக்கு உறைக்க
வியாழக்கிழமை ஆயிற்று.

கடனைக் கேட்டேன்.
ஒற்றை நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து
"இந்தா, ரெண்டு" என்றான்.
ஏமாற்றுக்காரா என்று தெருவே திரும்பக் கத்தினேன்.
அவன் கண்ணுக்கு இரண்டு பவுண்டு,
இரண்டு செங்கா,
ஒரே வாய்க்குள்ளிருந்து கத்தாத இரண்டு வாய்.

புதன்கிழமை தேநீர்
குடித்த வழியே போகாமல் மூக்கால் வந்தது.
சிரித்தோம்.
அவனும் சிரிக்கப் பார்த்தான்,
முகம் வரவில்லை.
குரல் மட்டும் ஜலதோஷக்காரன் குரல்.
நாக்கு குழறியது, கணக்கு குழறவில்லை:
மூன்றாம் பந்தயத்தில் நான் தோற்ற காசை
பென்ஸ் சுத்தமாகச் சொன்னான்.

யாரோ நலாக்ஸோன் அடித்தார்கள், மூக்கில்,
பிறகு இன்னொரு தடவை.
ஒன்றும் ஆகவில்லை.
மருந்து ஏறிய கண்ணில் மணி
குண்டூசித் தலையாய்ச் சுருங்கியிருக்கும்.
இவனுக்கு அகன்று கிடந்தது,
விளக்கணைத்த அறைக்குள்
யாரையோ தேடுவது போல.

வியாழன் காலை கழுத்து விட்டுவிட்டது.
அவன் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு
ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தேன்.
தலைக்கனம் என்றால் என்னவென்று
அப்போது தெரிந்தது.
ஐந்து கிலோ இருக்கும்.

"குடிபோதை, ஓரமா உட்காரவை" என்றார்
அவசரப் பிரிவு வாசலில் ஒருவர்.
குடித்தால் இவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும் ஐயா,
ஒன்பது வருஷம் கூடவே குடித்தவள் நான்.
இது அது இல்லை.
வாடை பார், ஜுரம் பார், ஒன்றும் இல்லை.
மேலேயிருந்து கீழே இறங்குகிறது,
முதலில் கண், பிறகு தொண்டை, இப்போது கழுத்து.
அடுத்து என்ன இருக்கிறது என்று
உனக்குத் தெரியாதா?

சின்ன வயது டாக்டர் ஒருத்தி நின்றாள்.
மோர்வென் என்று சட்டையில் இருந்தது.
ஒரே மூச்சில் எண்ணுங்கள் என்றாள்.
ஒன்று, இரண்டு,
ஏழோடு நின்றது.
ஊசி போடுவீர்களா?
டூகல் பதில் சொல்லவில்லை, வெட்கம்.
நான் சொன்னேன்.
தொடையில் காட்டினேன்:
ரத்தக்குழாய் அகப்படாமல் தசையில் குத்திய இடம்,
ஐந்து பென்ஸ் அகலம்,
புண் என்று சொன்னால் புண்ணுக்கே அவமானம்.
அந்தக் காற்றுப் புகாத இருட்டில்தான்
மண்ணில் தூங்கிக்கிடந்தது கண் விழித்து
விஷம் காய்ச்சியிருக்கிறது.
பாட்டுலிசம் என்றாள்.
பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

முறிமருந்து வந்தது.
போனதைத் திருப்பித் தராது,
போவதை நிறுத்தும் என்றாள்.
ஊசி ஏறும்போதே அவன் மார்பு களைத்துவிட்டது,
எந்திரம் அவனுக்காக மூச்சுவிட்டது
எட்டு வாரம்.

உள்ளே அவன் முழுசாக இருந்தான்.
படுக்கையருகே நின்று
"பிழைப்பானா" என்று அவர்கள் பேசியதையெல்லாம்
ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான்.
நான் பதினொரு பவுண்டைத் தள்ளுபடி செய்ததையும்.
அதைத்தான் முதலில் ஞாபகப்படுத்தினான்,
பேச்சு வந்ததும்.

இப்போது பிரிகேட் பாலத்தடியில்
யாராவது முகவாயைத் தூக்கி என்னைப் பார்த்தால்
பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.
கண்ணைத் திற, எச்சில் விழுங்கு,
ஒரே மூச்சில் இருபது வரை எண்ணு என்கிறேன்.
போடி பைத்தியக்காரி என்று திட்டுகிறார்கள்.
ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறதா என்று கேட்டுவிட்டு
எழுந்து நடக்கிறேன்.